பீ அலை வேகத்திலிருந்து பாறையின் அமுக்க வலிமை: குவார்ட்சைட்டுக்கும் சலவைக்கல்லுக்கும் விடை தலைகீழாக வருகிறது

கரைக்கல் (கேள்வி)

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். திருகோணமலையை அண்டிய துளைகளிலிருந்து எடுத்த கோர்களில் (உருளைக் கல் துண்டுகளில்) வேலை நடக்கிறது. விட்டம் 47.6 மி.மீ., வெட்டிய நீளம் ஏறத்தாழ 107 மி.மீ. மூன்று வகைப் பாறை: குவார்ட்சைட் (பெரும்பாலும் குவார்ட்ஸ்), சார்னோகைட் கலந்த நைஸ் (பட்டைபட்டையான உருமாறிய பாறை), சலவைக்கல் (பெரும்பாலும் கல்சைட்). எல்லாத் துண்டையும் அமுக்கி உடைக்க வசதியில்லை. ஆகவே பீ அலை (கல்லை முன்பின்னாக அமுக்கி ஓடும் அலை) வேகம், அடர்த்தி, நுண்துளைமை (கல்லில் துளைகளின் பங்கு) ஆகிய மூன்றையும் எல்லாத் துண்டிலும் எடுத்து, வலிமையைக் கணிக்கலாம் என்று திட்டம்.

முதலில் உடைத்த சில துண்டுகளிலேயே சிக்கல். குவார்ட்சைட்டில் வேகம் 5.2 கிமீ/செ, உடைத்தால் வலிமை 190 மெகாபாஸ்கலுக்குக் கிட்ட. சலவைக்கல்லில் வேகம் 6.1, வலிமை 80 மட்டும். கஹ்ரமான் 2001இல் தந்த சமன்பாட்டில் (வலிமை = 9.95 × வேகம்^1.21) போட்டால் குவார்ட்சைட்டுக்கு 73, சலவைக்கல்லுக்கு 89 வருகிறது. வேகம் கூடினால் வலிமை கூட வேண்டாமா?

கருவி கொங்கிறீற்று சோதிக்கும் வகை, 54 கிலோஹேர்ட்ஸ் முனை (அலையை அனுப்பி வாங்கும் உணரி). ஜெல் பூசித்தான் அளந்தோம். கோர்கள் பெட்டியில் இருந்த நிலையிலேயே அளக்கப்பட்டன, ஒவனில் காயவைக்கவில்லை. எங்கே திருத்த வேண்டும்?

---

அலைநேரம்

உங்கள் தலைகீழ் விடைக்குப் பாறைதான் பெரிய காரணம். அதைக் கனிமம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அளவீட்டிலும் மூன்று ஓட்டை இருக்கிறது. அவற்றை அடைக்காமல் எந்தச் சமன்பாட்டைப் பொருத்தியும் பயனில்லை.

முதலாவது முனை. 54 கிலோஹேர்ட்ஸில், 5.2 கிமீ/செ வேகத்தில் அலைநீளம் 96 மி.மீ. உங்கள் கோரின் விட்டமோ அதில் பாதி. அலைநீளத்தைவிட மெல்லிய தண்டில் சக்தியின் பெரும்பகுதி தண்டு அலையாகத்தான் போகும். அதன் வேகம் யங் குணகத்தை அடர்த்தியால் வகுத்ததன் வர்க்கமூலம், உண்மையான பீ அலை வேகம் அல்ல. பொய்சன் விகிதம் 0.25 ஆன பாறையில் தண்டு அலை பீ அலையைவிட 9 வீதம் அளவுக்கு மெதுவானது. மெல்லிய பீ முதல்வரவு (முதலில் வந்து சேரும் அலை) அதற்கு முன்னால் வந்திருக்கும். ஆனால் தானாக நேரம் காட்டும் கருவி ஒரு குறித்த வீச்சைத் தாண்டியதைத்தான் பிடிக்கும், அந்த மெல்லிய தொடக்கம் அதற்குள் அகப்படாது. வழக்கமான விதி: விட்டம் அலைநீளத்தின் 5 மடங்காவது இருக்க வேண்டும், அலைநீளம் சராசரி மணியளவின் 3 மடங்காவது இருக்க வேண்டும். 500 கிலோஹேர்ட்ஸில் அலைநீளம் 10.4 மி.மீ., விட்டம் 4.6 மடங்கு. கோட்டைத் தொடுகிறது, ஏற்கலாம். 1 மெகாஹேர்ட்ஸுக்குப் போனால் குவார்ட்சைட்டில் அலைநீளம் 5.2 மி.மீ. நுண்மணிக் கல்லுக்கு அது நல்லது. ஆனால் சலவைக்கல்லில் கல்சைட் மணிகள் 5 மி.மீ. அளவில் இருந்தால் அலை சிதறி முதல்வரவே மங்கிவிடும். அந்தக் கல்லுக்கு 15 மி.மீ.க்குக் குறையாத அலைநீளம், அதாவது 400 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்படாத முனை வேண்டும். அப்படி எடுத்தால் விட்ட விதி மீறப்படும். இரண்டையும் ஒருங்கே திருப்தி செய்ய முடியாத கல் அது. 250 முதல் 500 கிலோஹேர்ட்ஸ் வரை ஒன்றைத் தெரிவுசெய்து, எல்லாத் துண்டுக்கும் அதையே வைத்துக்கொண்டு, அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது நேரப் பூச்சியம். 107 மி.மீ. கோரில் அலை ஓடும் நேரம் வெறும் 20.6 மைக்ரோசெக்கன். முனை, கேபிள், ஜெல் எல்லாம் சேர்ந்து ஒரு மைக்ரோசெக்கன் திருடினால் வேகத்தில் 5 வீத வழு. வலிமை வேகத்தின் 2 அல்லது 3ஆம் அடுக்கில் போகிற பாறையில் அது 10–15 வீதமாகப் பெருகும். முனைகளை நேருக்கு நேர் வைத்துப் பூச்சியம் எடுப்பது சுலபம். ஆனால் அதைவிட நம்பிக்கையான வழி ஒன்று உண்டு. ஒரே அலுமினியத் தண்டிலிருந்து 30, 60, 90, 120 மி.மீ. துண்டுகள் கடைந்து, ஒவ்வொன்றிலும் நேரத்தை அளந்து, நீளத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு நேர அச்சை வெட்டும் இடம்தான் உங்கள் பூச்சியத் திருத்தம். சாய்விலிருந்து வரும் வேகம் 6.3–6.4 கிமீ/செ பக்கம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முதல்வரவைத் தப்பான இடத்தில் பிடிக்கிறீர்கள் என்று பொருள். முனை மாற்றினாலும் கேபிள் மாற்றினாலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். முடிந்தால் ஒசிலோஸ்கோப்பில் அலையைப் பார்த்துக் கையால் பிடியுங்கள்.

மூன்றாவது ஈரம், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நுண்வெடிப்புக்குள் தண்ணீர் நிறைந்தால் பீ வேகம் ஏறும், ஏனென்றால் தண்ணீர் காற்றைப் போல அமுங்கிக் கொடுக்காது. அதே தண்ணீர் அமுக்க வலிமையைக் குறைக்கும். ஆக, ஈரமான கல் கணிப்பில் வலிதாகத் தெரியும், உடைக்கும்போது மெலிதாக இருக்கும். பெட்டியில் பாதி ஈரமும் பாதி காய்ச்சலுமாகக் கிடந்த கோர்களின் வேகங்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. 105 பாகை செல்சியஸ் ஒவனில் நிறை மாறாத வரை காயவைத்து, ஈரமுறிஞ்சி வைத்த மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு அளவுங்கள். பிறகு நீரில் நிரப்பி மறுபடி அளவுங்கள். காய்ந்ததற்கும் நிரம்பியதற்கும் உள்ள வேக வித்தியாசமே நுண்வெடிப்பின் அளவை நன்றாகக் காட்டும்.

கடலோரத் துளை என்பதால் இன்னொன்று. உப்புநீர் ஊறிய கோரை அப்படியே ஒவனில் வைத்தால் வெடிப்புக்குள் உப்பு படிந்து நிறையையும் வேகத்தையும் கெடுக்கும். நன்னீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, அதன் மின்கடத்துதிறன் ஏறாமல் நிற்கும் வரை கழுவிய பின்பே காயவைக்க வேண்டும். ஜெல்லிலும் கவனம். வானிலையால் சிதைந்த கல் ஜெல்லைக் குடிக்கும். ஆகவே அடர்த்தி, நுண்துளைமைக்கான நிறைகளை வேகம் அளக்க முன்னரே எடுத்துவிடுங்கள்.

---

பட்டைநைஸ்

அளவீட்டைத் திருத்தினாலும் உங்கள் குவார்ட்சைட்டும் சலவைக்கல்லும் ஒரே கோட்டில் வராது. வரவும் கூடாது.

ஒரு பாறைக்குள் பீ அலை எவ்வளவு வேகமாக ஓடலாம் என்பதற்குக் கனிமங்கள் ஓர் உச்ச எல்லை போடுகின்றன. குவார்ட்ஸில் 6.05 கிமீ/செ, கல்சைட்டில் ஏறத்தாழ 6.65, டொலமைட்டில் 7.5 எனக் கொள்ளலாம். வலிமையோ மணிகளுக்கிடையிலான பிணைப்பையும், மணி வழுக்கிக் கொடுக்கிறதா என்பதையும் பொறுத்தது. கல்சைட் மணி பிளவுத் தளங்களில் சுலபமாக வழுக்கும், இரட்டைப்படிகமாக மடியும். குவார்ட்ஸுக்கு அப்படியான தளம் இல்லை. அதனால்தான் இங்கே துறைமுகத்தைச் சுற்றிய குவார்ட்சைட் வரம்புகள் கடலை எதிர்த்து நிமிர்ந்து நிற்கின்றன, சலவைக்கல் பட்டைகள் தாழ்நிலமாகக் கிடக்கின்றன. கல்சைட் வேகமானது, மெலிதானது. குவார்ட்ஸ் மெதுவானது, வலிதானது. உங்கள் எண்கள் சரியாகத்தான் பேசுகின்றன.

ஆகவே வேகத்தை அப்படியே எடுக்காமல், அந்தக் கல் தன் உச்ச எல்லையிலிருந்து எவ்வளவு இழந்திருக்கிறது என்று பாருங்கள். மெல்லிய வெட்டு ஒன்றில் (நுண்காட்டியில் பார்க்கும் கல்லின் மெல்லிய சீவல்) கனிம வீதங்களை எண்ணி, 1/உச்சவேகம் = (கனிமப் பங்கு ÷ கனிம வேகம்) எல்லாவற்றினதும் கூட்டுத்தொகை என்று போட வேண்டும். உதாரணத்துக்கு, குவார்ட்ஸ் 92 வீதம், பெல்ட்ஸ்பாரும் மைக்காவும் சேர்த்து 8 வீதம் (5.8 கிமீ/செ) என்றால் உச்சவேகம் 6.03. அளந்தது 5.2, ஆகவே தரச்சுட்டி (அளந்தது ÷ உச்சவேகம்) 86 வீதம். கல்சைட் 80, டொலமைட் 15, போர்ஸ்டரைட் 5 வீதமான சலவைக்கல்லில் உச்சவேகம் 6.84, அளந்தது 6.1, சுட்டி 89 வீதம். வேகத்தில் 0.9 கிமீ/செ இடைவெளி இருந்த இரண்டு கல்லும் சிதைவின் அளவில் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருக்கின்றன! இந்தச் சுட்டியைக் காய்ந்த நிலை வேகத்தில் போடுங்கள். இப்போதுள்ள 54 கிலோஹேர்ட்ஸ் வேகங்களில் போட்டால் முனையின் வழுவும் சிதைவாகக் கணக்கில் ஏறும்.

அடர்த்தியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மூன்று வகையையும் கலந்து ரிகிரெஷன் (தரவுக்குக் கோடு பொருத்துதல்) போட்டால் அடர்த்தியின் குணகம் மறைக்குறியில் வரக்கூடும். குவார்ட்சைட் 2.65, மூன்றிலும் இலேசானது, மூன்றிலும் வலிதும் அதுதான். நைஸில் கார்னெட், ஹைபர்ஸ்தீன் போன்ற பாரமான கனிமங்கள் கூடினால் அடர்த்தி ஏறும், வலிமை ஏற வேண்டிய கட்டாயமில்லை. சேருவில பக்கம் போல மக்னடைட் (இரும்புக் கனிமம்) கலந்த கல் என்றால் இன்னும் மோசம். மக்னடைட்டின் அடர்த்தி 5.2, சில வீதம் கலந்தாலே கணிப்பு ஆடிவிடும். அடர்த்தி ஒரே பாறை வகைக்குள், சிதைவின் படிகளைப் பிரிக்க உதவும். வகைக்கு வகை தாண்டி உதவாது.

நுண்துளைமையும் இங்கே அரைகுறைதான். மணற்கல்லில் அது அரசன். நமது உருமாறிய பாறைகளில் புதுக் கல்லின் நுண்துளைமை 1 வீதத்துக்குக் கீழே, தராசின் வழுவே அதைத் தின்றுவிடும். நீரில் தொங்கவிட்டு நிறுக்கும் முறையில், குறைந்தது ஒரு மணித்தியாலம் வெற்றிடத்தில் நிரப்பி, மேற்பரப்பை ஈரத்துணியால் மட்டும் துடைத்து நிறுங்கள். காய்ந்த துணி மேற்பரப்புத் துளைகளின் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும்.

நைஸுக்குத் தனிக் கதை. பட்டையோடு ஓடும் அலை வேகமானது, பட்டையைக் குறுக்கறுத்து ஓடுவது மெதுவானது, இடையில் சீராக மாறும். வலிமை அப்படி மாறாது. பட்டைத் தளம் அமுக்கும் அச்சோடு 30 பாகை அளவில் சாய்ந்திருக்கும்போது விழுந்து, இரு பக்கமும் ஏறும். அந்தப் பள்ளத்தை வேகத்தால் காண முடியாது. எனவே ஒவ்வொரு நைஸ் கோரிலும் சாய்வுக் கோணத்தை அளந்து எழுதுங்கள். பட்டை வழியே வழுக்கி உடைந்த துண்டுகளைத் தனியாகக் குறியுங்கள், மற்றவற்றோடு சேர்க்க வேண்டாம்.

---

கரைக்கல்

மிக்க நன்றி. ஒவன் வேலையை இன்றே தொடங்குகிறோம், 500 கிலோஹேர்ட்ஸ் முனையும் கேட்டிருக்கிறோம். இரண்டு கேள்வி. எஸ் அலையும் (பக்கவாட்டாக அசைந்து ஓடும் அலை) அளந்தால் பயனுண்டா? பாறை வகைக்கு எத்தனை துண்டு உடைக்க வேண்டும்? எல்லாத் தரவையும் ஒன்றாக்கி ரேண்டம் பொரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் கணினி முறை) ஓட்டலாம் என்று ஓர் ஆலோசனையும் வந்திருக்கிறது.

---

அலைநேரம்

எஸ் அலையைக் கட்டாயம் அளவுங்கள். உங்கள் மூன்று பாறைக்கும் அது பீ அலையைவிடக் கூடுதலாகச் சொல்லும். குவார்ட்ஸில் எஸ் வேகம் ஏறத்தாழ 4.1 கிமீ/செ, கல்சைட்டில் 3.4. பீ அலையில் தலைகீழாக நின்ற வரிசை எஸ் அலையில் நிமிர்ந்துவிடுகிறது. பீ வேகத்தை எஸ் வேகத்தால் வகுத்தால் குவார்ட்ஸில் 1.5க்குச் சற்றுக் கீழே, கல்சைட்டில் 1.9 பக்கம். கோரை வெட்டிப் பார்க்காமலே சலவைக்கல் கலந்திருப்பதை அந்த விகிதம் காட்டிக்கொடுக்கும். தண்ணீரும் எஸ் வேகத்தை அதிகம் ஆட்டாது.

முதல்வரவைப் பிடிப்பதுதான் பாடு. எஸ் முனையும் கொஞ்சம் பீ அலையை அனுப்பும், அந்தச் சலசலப்புக்குப் பின்னால்தான் எஸ் வரும். ஒரு முனையை அச்சைச் சுற்றி 180 பாகை திருப்பி மறுபடி பதியுங்கள். இரண்டு பதிவையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால், பீ பகுதி அசையாமல் நிற்கும், எஸ் பகுதி மேல்கீழாகப் புரளும். இரண்டும் பிரியும் புள்ளியே எஸ் வரவு. 90 பாகையில் எஸ் ஏறத்தாழ மறைந்துவிடும், அதுவும் ஒரு சரிபார்ப்பு. நைஸில் திசைக்குத் திசை வேகம் மாறுவதால் அங்கே பதிவு இவ்வளவு துப்புரவாக வராது. சாதாரண ஜெல் எஸ் அலையைக் கடத்தாது. அதற்கென்ற தடித்த பசை வேண்டும். தேனும் வேலை செய்யும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு அழுத்தத்தில் பிடித்தால்.

---

மடக்கை_எட்டு

கணக்குப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

பிறர் சமன்பாட்டை இரவல் வாங்குவதை முதலில் நிறுத்த வேண்டும். 5 கிமீ/செ என்ற ஒரே வேகத்தை மூன்று பிரசித்தமான சமன்பாடுகளில் போட்டுப் பாருங்கள். கஹ்ரமான் 70 மெகாபாஸ்கல் தரும். யாசரும் எர்தோகனும் 2004இல் காபனேற்றுப் பாறைகளுக்குத் தந்தது, (வேகம் − 2.0195) ÷ 0.032, 93 தரும். சர்மாவும் சிங்கும் 2008இல் தந்தது, 0.0642 × வேகம் (மீ/செ) − 117.99, 203 தரும். ஒரே வேகத்துக்கு மூன்று மடங்கு இடைவெளி. அவரவர் எடுத்த பாறைக்கு அவரவர் கோடு சரி. திருகோணமலைக் கல் அவற்றில் எதிலும் இல்லை.

ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் கோடு வேண்டும். வலிமையின் இயற்கை மடக்கையை வேகத்தின் (அல்லது தரச்சுட்டியின்) இயற்கை மடக்கைக்கு எதிராக வரைந்து பொருத்துங்கள். வகைக்கு 20க்குக் குறைந்தால் சாய்வை நம்ப மாட்டேன். அந்த இருபதும் புதுக் கல்லாகவே இருந்தால் பயனில்லை. புதியது, சற்றே கறைபட்டது, அரைகுறையாகச் சிதைந்தது என்று வேக வீச்சு முழுவதையும் நிரப்ப வேண்டும். வேகத்தை அளந்த அதே துண்டைத்தான் உடைக்க வேண்டும், பக்கத்துத் துண்டை அல்ல.

ஆர்-வர்க்கத்தை (தரவின் மாறுபாட்டில் எவ்வளவைக் கோடு விளக்குகிறது என்ற எண்) கண்டு மயங்க வேண்டாம். அது வேக வீச்சு அகன்றால் தானாக ஏறும் எண். எச்சங்களின் (அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வித்தியாசங்களின்) நியம விலகலைப் பாருங்கள். மடக்கை அளவில் அது 0.22 என்று வந்தால் (நல்ல பொருத்தம் என்றே பலர் சொல்வார்கள்), கணிப்பு 120 மெகாபாஸ்கலுக்கு 95 வீத எல்லை 77 முதல் 186 வரை. வடிவமைப்பவருக்குத் தேவை இந்த எல்லைதான். வரைபடத்தில் கோட்டை ஒட்டி மென்பொருள் போடும் ஒடுங்கிய பட்டை சராசரிக்கான எல்லை, தனித் துண்டுக்கான எல்லை அல்ல. இந்த இரண்டையும் மாற்றிப் போட்ட அறிக்கைகள் தாராளமாக உலாவுகின்றன. மடக்கையிலிருந்து திரும்பும்போது கிடைப்பது இடையம். சராசரி வேண்டுமென்றால் நியம விலகலின் வர்க்கத்தில் பாதியை அடுக்காகப் போட்டுப் பெருக்க வேண்டும், 0.22க்கு அது 1.024.

ரேண்டம் பொரஸ்ட் வேண்டாம். அறுபது எழுபது துண்டில் அது பாறை வகையை மனப்பாடம் செய்யும், அவ்வளவுதான். ஒரே துளையிலிருந்து வந்த துண்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்தவை. அவற்றில் சில பயிற்சியிலும் சில சோதனையிலும் விழுந்தால் மதிப்பெண் பொய்யாக ஏறும். எந்த முறை என்றாலும் ஒரு துளையை முழுதாக வெளியே வைத்து, மற்றவற்றால் அதைக் கணித்துப் பார்ப்பதே நேர்மையான சோதனை. வேகம், அடர்த்தி, நுண்துளைமை மூன்றும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை என்பதால் மூன்றையும் சேர்த்துப் போட்டால் குணகங்கள் நிலைகொள்ளாமல் தாவும். ஒன்று சேர்த்ததால் வெளித் துளையின் வழு குறைந்தால் வைத்திருங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

உடைக்கும் பக்கமும் சரியாக இருக்க வேண்டும். நுனிகள் அரைத்துத் தட்டையாக 0.02 மி.மீ.க்குள், அச்சுக்குச் செங்குத்தாக, நீளம் விட்டத்தின் 2 முதல் 2.5 மடங்கு. 47.6 மி.மீ. கோரில் 250 மெகாபாஸ்கல் என்றால் 445 கிலோநியூட்டன் மட்டும். 3000 கிலோநியூட்டன் கொங்கிறீற்று இயந்திரத்தின் அடிப்பகுதியில்தான் வேலை செய்வீர்கள், அந்த வீச்சில் அது அளவுத்திருத்தம் பெற்றதா என்று சான்றிதழைப் பாருங்கள். நிமிடக் கணக்கில் மெதுவாக ஏற்றுங்கள், 0.5 முதல் 1 மெகாபாஸ்கல்/செக்கன். குவார்ட்சைட் முன்னறிவிப்பில்லாமல் வெடித்துச் சிதறும். கூண்டு இல்லாமல் அமுக்க வேண்டாம்.

---

கரைக்கல்

கடைசியாக ஒன்று. அதே இடத்தில் நில அதிர்வு முறிவு அளவையும் (நிலத்தில் அலை எழுப்பி, படைகளில் முறிந்து வரும் நேரத்தை அளப்பது) நடந்திருக்கிறது, பாறைப் படைக்கு 3.6 கிமீ/செ காட்டுகிறது. ஆய்வுகூடத்தில் பொருத்திய கோட்டில் அந்த 3.6ஐப் போடலாமா?

---

பட்டைநைஸ்

கூடாது. வெளிக்கள அலை சில பத்து ஹேர்ட்ஸ். 60 ஹேர்ட்ஸில் 3.6 கிமீ/செ என்றால் அலைநீளம் 60 மீற்றர். அது மூட்டுகள், பிளவுகள், சிதைந்த பட்டைகள் எல்லாவற்றையும் சேர்த்த பாறைத் திணிவை அளக்கிறது, உங்கள் 107 மி.மீ. துண்டு அப்படி அல்ல. இரண்டையும் வகுத்து வர்க்கம் எடுங்கள்: (3.6 ÷ 5.2)² = 0.48. இந்த வேகச்சுட்டி ஆர்.கியூ.டி. (கோரில் 10 செ.மீ.க்கு மேற்பட்ட துண்டுகளின் நீள வீதம்) மதிப்போடு ஏறத்தாழ ஒத்துப்போகும், அதாவது 48 வீதத்தை ஒட்டிய உடைந்த பாறை. கோர்ப் பெட்டியில் எடுத்த ஆர்.கியூ.டி.யோடு ஒத்துப் பாருங்கள். பெரிதாக விலகினால் துளை விழுந்த இடம் அளவைக் கோட்டின் சராசரிக்குப் பொருந்தாத இடம். 5.2ஐ உரிய முனையால் காயவைத்தும் ஈரமாகவும் மறுபடி அளந்த பின், நீர்மட்டத்துக்குக் கீழே என்றால் ஈர வேகத்தால் வகுங்கள். கரையோரத்தில் 1.5 முதல் 1.8 கிமீ/செ காட்டும் படையைச் சிதைந்த பாறை என்று அவசரப்பட்டு எழுத வேண்டாம். நீர் நிரம்பிய மணலும் அதே வேகத்தைக் காட்டும்.

இடைவெளிகளை நிரப்பப் புள்ளிச்சுமைச் சோதனை (இரண்டு கூம்பு நுனிகளுக்கிடையில் கோரை உடைப்பது) போதும், நுனி அரைக்கத் தேவையில்லை. விட்டத்தின் குறுக்கே 18 கிலோநியூட்டனில் உடைந்தால், 18000 ÷ 47.6² = 7.9, அளவுத் திருத்தம் 0.978 பெருக்கினால் 7.8 மெகாபாஸ்கல். அதை வழக்கமான 22ஆல் பெருக்கி அமுக்க வலிமை 171 என்று எழுதிவிடாமல், உடைத்த துண்டுகளிலிருந்து ஒவ்வொரு வகைக்கும் உங்கள் சொந்தப் பெருக்கியை எடுங்கள். நைஸைக் குறுக்கே அமுக்கினால் பட்டை வழியேதான் பிளக்கும். அந்த எண்ணை நீளவாக்கு எண்ணோடு கலக்க வேண்டாம்.